அறுபத்து மூன்று தளங்களும் ஒரு நத்தையும்

அவளுக்கு நத்தை என்று பெயர் வந்ததற்கு அவள் நடை காரணமில்லை. ஓடும் பேருந்தைத் துரத்திப் பிடிக்கிற ஆள் அவள். விலங்கியல் துறையில் யார் எதை ஆராய்கிறார்களோ அதுவே அவர்கள் பெயராகிவிடும். கொசு என்று ஒருவன் இருந்தான், வௌவால் என்று ஒருத்தி இருந்தாள். குடற்புழு என்று ஒரு பாவப்பட்ட மனிதனும் இருந்தான். அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இந்தப் பெயர் மட்டும் பெண் வீட்டுக்குத் தெரிய வேண்டாம் என்று துறையில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கெஞ்சிக்கொண்டிருந்தான். இவள் எடுத்த தலைப்பு, தண்ணீர் கிடைக்காத காலத்தில் தோட்டத்து நத்தைகள் ஓட்டுக்குள் அடைந்து எத்தனை நாள் தூங்கித் தாக்குப்பிடிக்கும் என்பது. அதனால் நத்தை.

ஆய்வு முடிந்துவிட்டது. ஆறு கண்ணாடிப் பெட்டிகள், பெட்டிக்குப் பத்து நத்தைகள், ஒவ்வொன்றின் முதுகிலும் நகப்பூச்சால் எழுதிய எண். குறிப்பிட்ட நாளில் ஒரு பெட்டியை எடுத்துத் தண்ணீர் தெளித்து, எத்தனை நத்தை எழுந்து வருகிறது என்று எண்ணி எழுதிவிட்டாள். நாற்பதாம் நாள் பத்தும் எழுந்தன. எழுபதாம் நாள் மூன்றுதான் எழுந்தன. மிச்சம் ஏழும் எழுந்திருக்கும் நிலையில் இல்லை.

சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் ஆய்வேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"எழுபது நாளைக்கே செத்துப்போகுதுன்னு எழுதியிருக்கே. நாப்பத்தாறு வருஷமா உலகம் பூரா நூத்திருபத்தொரு நாள்னு சொல்லிட்டிருக்கு. அப்போ தப்பு யார் மேல?"

"நத்தை மேல இருக்குமோ சார்?"

"நத்தை தப்பு பண்ணாதும்மா. அது படிக்காத ஜீவன். தப்பு உன் மேல. அந்த மூலக் கட்டுரையப் போய்ப் படி. அவங்க எப்படி வச்சிருந்தாங்க, என்ன மண்ணு, என்ன சூடு, எல்லாம் பாரு. நீ எங்க சறுக்கினேன்னு எழுதி எடுத்துட்டு வா. அப்புறம்தான் கையெழுத்து."

கையெழுத்து அந்த மாதம் இருபத்தெட்டுக்குள் வேண்டும். ஊருக்கு வெளியே உள்ள வேளாண் ஆய்வுப் பண்ணையில் அவளுக்கு ஒரு வேலை காத்திருந்தது. கையெழுத்தான ஆய்வேட்டோடு வராவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம் என்று பண்ணைக்காரர்கள் மிகவும் அன்பாகச் சொல்லியிருந்தார்கள். அன்று தேதி நாலு.

கட்டுரை கிடைக்காதோ என்ற பயம் அவளுக்கு இல்லை. கல்லூரி வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை இருந்தது: 'உலகத்தின் அறிவு முழுவதும் அறுபத்து மூன்று இணையத் தளங்களில், உங்கள் விரல் நுனியில்.' பக்கத்தில் ஒரு விரலின் படமும் இருந்தது.

நூலகரின் அறை நூலகத்தின் நடுவில், கண்ணாடியால் ஆனது. புத்தகம் என்ற சொல்லை அவர் ஒன்பது வருடமாக உச்சரித்ததில்லை. 'அச்சு வடிவம்' என்பார், காலமானவரைப் பற்றிப் பேசுகிற குரலில். அச்சு வடிவங்கள் எல்லாம் மிதிவண்டி நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு கிடங்கில் இருந்தன. அவை இருந்த இடத்தில் மின்வள மையம் வந்திருந்தது. எட்டுக் கணினிகள், எட்டுக்கும் தைத்துப் போட்ட உறை.

"உக்காரும்மா. என்ன வேணும்?"

"ஒரு கட்டுரை வேணும் சார்."

"நம்மகிட்ட எட்டுக் கோடி இருக்கு."

"எனக்கு ஒண்ணு போதும் சார்."

நூலகர் அவளை வருத்தத்தோடு பார்த்தார்.

"ஒண்ணு. எட்டுக் கோடி இருக்கற இடத்துல வந்து ஒண்ணு கேக்கறே. இதுதான் நம்ம மாணவர்களோட மனப்பான்மை. பரவாயில்ல. அறிமுக வகுப்பு முடிச்சிருக்கியா?"

"இல்ல சார்."

"அறிமுக வகுப்பு முடிக்காதவங்களத் தளத்துக்குள்ள விட்டா தொலைஞ்சு போயிடுவாங்க. எட்டுக் கோடிக்குள்ள ஒரு பொண்ணு தொலைஞ்சா யாரும்மா பதில் சொல்றது?"

"வகுப்பு எப்போ சார்?"

"முப்பது பேர் சேர்ந்ததும்."

"இப்போ எத்தனை பேர் சார் சேர்ந்திருக்காங்க?"

"உன்னையும் சேத்து ஒண்ணு. போன வருஷம் இதைவிட ஒண்ணு கம்மி."

நத்தை முப்பது பேரைச் சேர்க்க மூன்று நாள் ஆனது. துறையில் ஆறு பேர் வந்தார்கள். அவர்களில் குடற்புழு, அந்தப் பெயரை இனி வாயால் சொல்ல மாட்டேன் என்று அவள் சத்தியம் செய்ததால் வந்தான். கால்பந்து அணி மாற்று ஆட்டக்காரர்களோடு பதினாறு பேர், பயிற்சியாளரிடமிருந்து தப்பிக்க ஓர் இடம் வேண்டுமென்று வந்தார்கள். மழைக்கு ஒதுங்கிய நாலு பேரை வாசலிலேயே பிடித்தாள். இரண்டு பேர் பக்கத்து அறையில் நடக்கும் கவிதைப் போட்டி இதுதான் என்று நினைத்து உட்கார்ந்தார்கள். ஓர் ஆள் குறைந்தது. மேலே விளக்கு மாட்டிக்கொண்டிருந்த கல்லூரி எலக்ட்ரீஷியன், ஏணியிலேயே உட்கார்ந்து கேட்கிறேன் என்றார். நூலகர் யோசித்துவிட்டு, ஏணியும் அறைக்குள்தானே இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்.

வகுப்பு மூன்று மணி நேரம் நடந்தது. தளங்களைத் திறந்து காட்டவில்லை. பாதுகாப்புக் காரணங்களுக்காக, திறந்தால் எப்படி இருக்கும் என்று அச்சிட்ட தாள்களைச் சுற்றுக்கு விட்டார்கள். நூலகர் ஒவ்வொரு தளத்தின் பெயரையும், அது எந்த வருடம் கல்லூரிக்கு வந்தது, யார் திறந்து வைத்தார்கள், அன்று வானிலை எப்படி இருந்தது என்பதையும் சொன்னார். முப்பத்தெட்டாவது தளம் வந்தபோது கோல்கீப்பர் குறட்டை விட்டான்.

"கேள்வி ஏதாவது?" என்றார் நூலகர் கடைசியில்.

ஏணியிலிருந்து ஒரு கை உயர்ந்தது. "ஃபேன் சத்தம் போடறதப் பத்தி இதுல ஏதாவது இருக்குங்களா?"

"இருக்கு. அதுக்கே பன்னிரண்டாயிரம் கட்டுரை இருக்கு."

"நான் பாக்கலாங்களா?"

"பாக்க முடியாது. ஆனா இருக்கு. அந்தத் தெம்பு வேணும் மனுஷனுக்கு."

முப்பது பேருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். கவிதைப் போட்டிக்காரர்கள் ஆறுதல் பரிசு என்று நினைத்து வாங்கிக்கொண்டார்கள்.

அன்று மாலை நத்தை அந்தச் சான்றிதழை அக்காவிடம் காட்டினாள். அக்கா பேருந்து நிலையத்துக்கு எதிரே தையல் கடை வைத்திருந்தாள். அம்மா அப்பா இல்லாத வீட்டில் தங்கையைப் படிக்க வைத்தது அந்தத் தையல் மெஷின்தான். அக்கா சான்றிதழை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, துணி வாங்கும்போது பார்ப்பதுபோல் முன்னும் பின்னும் பார்த்தாள்.

"கட்டுரை எங்க?"

"அது இனிமேதான்க்கா. இது, கட்டுரை தேடத் தகுதி இருக்குன்னு குடுத்தது."

"சாவி குடுக்கல. சாவியை எப்படிப் பிடிக்கணும்னு சொல்லிக் குடுத்து, நல்லா பிடிக்கறேன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. அப்படித்தானே?"

"கிட்டத்தட்ட."

"இருபத்தெட்டுக்குள்ள ஆயிடுமாடி?"

"ஆயிடும்க்கா," என்றாள் நத்தை. குரல் அவளுக்கே நம்பும்படி இல்லை.

அடுத்தது கடவுச்சொல். அதற்கான விண்ணப்பப் படிவம் தளத்துக்குள் இருந்தது. தளத்துக்குள் போகக் கடவுச்சொல் வேண்டும். இதை அவள் உதவி நூலகரிடம் போய்ச் சொன்னாள். உதவி நூலகர் ஐம்பது வயதுப் பெண்மணி. மேஜை இழுப்பறையில் எப்போதும் பின்னல் ஊசியும் நூலும் இருக்கும். அந்த நூலகத்தில் நூல் என்று மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

"படிவத்த நான் ஒண்ணு அச்சுப் போட்டு வச்சிருக்கேன்மா. யார்கிட்டயும் சொல்லாதே, அது அச்சு வடிவம்."

எழுதிக் கொடுத்தாள். கடவுச்சொல் மறுநாளே தயாராகிவிட்டது. பதினாறு எழுத்து, முத்திரையிட்ட உறைக்குள். ஆனால் அந்த உறை நூலகத்திலிருந்து கல்லூரி அலுவலகம் போய், அங்கே பதிவாகி, துறைக்குப் போய், துறையில் பதிவாகி, மாணவியின் கைக்கு வர எட்டு நாள் ஆகும். கடவுச்சொல்லின் ஆயுள் ஏழு நாள்.

"அப்போ இதுவரைக்கும் யாருமே உள்ள போனதில்லையா மேடம்?"

"போன வருஷம் மூணு பேர் போயிருக்காங்க. எப்படிப் போனாங்கன்னு விசாரணை நடக்குது."

நத்தையின் முகம் விழுந்துவிட்டது. உதவி நூலகர் பின்னலை மடியில் வைத்துவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தார்.

"இங்க பாரும்மா. கையில குடுக்க எனக்கு அதிகாரம் இல்ல. வாயால சொல்லவும் கூடாது. ஆனா உறைக்குள்ள போடறதுக்கு முன்னாடி எழுத்து சரியா இருக்கான்னு நான் ஒரு தடவை சத்தமா படிச்சுப் பாக்கணும், விதி இருக்கு. நான் படிக்கறப்போ நீ இங்க நின்னா, அது தற்செயல். கையில பேனா இருந்தா, அதுவும் தற்செயல்."

நிறுத்தி நிறுத்தி, பதினாறு எழுத்தையும் இரண்டு தடவை தற்செயலாகப் படித்தார். பத்தாம் தேதி நத்தை உள்ளே போனாள்.

நூலகரே வந்து ஒரு கணினியின் உறையை மெல்ல விலக்கினார். அதன் திரையில் கடையில் ஒட்டி அனுப்பிய பிளாஸ்டிக் தாள்கூட இன்னும் உரிக்கப்படவில்லை. அவள் 'நத்தை' என்று அடித்தாள். நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து அறுநூற்று ஆறு முடிவுகள் வந்தன. முதல் கட்டுரை தபால் தாமதத்தைப் பற்றியது. அடுத்த நாற்பதும் காதுக்குள் இருக்கும் நத்தையெலும்பைப் பற்றியவை. பிறகு 'நத்தை தூக்கம்' என்று அடித்தாள். முடிவுகள் ஏதுமில்லை, நீங்கள் 'மெத்தை தூக்கம்' என்று தேடினீர்களா என்று தளம் கேட்டது.

"வார்த்தையப் போட்டுத் தேடக் கூடாதும்மா," என்றார் நூலகர் பின்னாலிருந்து. "அது கடைத்தெருப் பழக்கம். 'மற்றும்', 'அல்லது', 'தவிர' இதையெல்லாம் வச்சுத் தேடல் வாக்கியம் கட்டணும்."

நத்தை கட்டினாள். ஐந்து நாள் கட்டினாள். நத்தை மற்றும் தூக்கம் தவிர காது. நத்தை அல்லது ஓடு மற்றும் வறட்சி தவிர காது தவிர தபால் தவிர மெத்தை. ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் தளம் அவளை வெளியே தள்ளி, நீங்கள் மனிதர்தானா என்று கேட்டது. போக்குவரத்து விளக்குகள் உள்ள படங்களைத் தொட்டுத் தான் மனிதர் என்று அவள் நிரூபித்தாள். நான்காம் நாள் ஒரு விளக்கின் ஓரம் பக்கத்துக் கட்டத்துக்குள் லேசாக நீட்டிக்கொண்டிருந்ததை அவள் கவனிக்காததால், அன்று முழுவதும் அவள் மனிதரல்ல என்று முடிவாயிற்று.

பதினைந்தாம் தேதி பிற்பகல் கட்டுரை கிடைத்தது.

தலைப்பு சரியாக இருந்தது. ஆசிரியர் பெயர் இருந்தது. அவளுக்குத் தெரியாத பெயர். இரண்டு வரிச் சுருக்கம் இருந்தது. அதன் கீழே ஒரு பூட்டின் படம். 'இக்கட்டுரையை வாசிக்கும் உரிமை உங்கள் நிறுவனத்துக்கு இல்லை. உங்கள் நூலகரைத் தொடர்பு கொள்ளவும்.'

நூலகர் அவள் தோளுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.

"பாத்தியா!" என்றார். அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "கிடைச்சிருச்சு பாரு!"

"திறக்கல சார்."

"தலைப்பு நம்மகிட்ட இருக்கா? இருக்கு. ஆசிரியர் பேரு இருக்கா? இருக்கு. சுருக்கம் இருக்கா? அதுவும் இருக்கு. கட்டுரை மட்டும்தான் இல்ல. நாலுல மூணு. எழுபத்தஞ்சு சதவீதம். நாங்க படிக்கறப்போ அது முதல் வகுப்பும்மா."

அவள் வழிகாட்டியிடம் போய் நின்றாள். கட்டுரை திறக்கவில்லை, உங்களிடம் ஒரு பிரதி இருந்தால் கொடுங்கள் என்று கேட்டாள்.

"என்கிட்ட எதுக்கு இருக்கணும்?" என்றார் பேராசிரியர். "என் வழிகாட்டி அதை மேற்கோள் காட்டினார். அவர்கிட்டயிருந்து நான் எடுத்தேன். பக்கம் இருநூத்திப் பதினொண்ணு. அறிவுங்கறது அப்படித்தான்மா கைமாறி வரும். எல்லாரும் மூலத்தப் போய்ப் படிக்கணும்னா ஆராய்ச்சிக்கு நேரம் ஏது?"

"அப்போ நானும் அப்படியே எடுத்துக்கட்டுமா சார்?"

"நீ எப்படி எடுப்பே? உன் எண்ணிக்கை ஒத்துப்போகலையே. ஒத்துப்போறவங்க படிக்க வேண்டியதில்ல. ஒத்துப்போகாதவங்கதான் படிச்சாகணும்."

திரும்பி நூலகத்துக்கு வந்தபோது நூலகர் அவளைத் தேடிக்கொண்டிருந்தார். கண்ணாடி அறைக்குள் கூட்டிப்போய்த் தானே நாற்காலியை இழுத்துப் போட்டார். மேஜையில் ஒரு வரைபடம். ஒரு கோடு தாளின் அடியிலேயே படுத்து வந்து, கடைசியில் திடீரென்று செங்குத்தாக எழுந்து தாளை விட்டே வெளியேறியிருந்தது.

"இது என்ன சார்?"

"இது நீ."

விஷயம் இதுதான். இருபத்திரண்டாம் தேதி தரமதிப்பீட்டுக் குழு வருகிறது. தளங்களை எத்தனை தடவை பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று முதலில் அதைத்தான் கேட்பார்கள். போன வருடக் கணக்கு மூன்று. இந்த ஐந்து நாளில் நானூற்றுப் பதினொன்று.

"அதுல நானூத்திப் பத்து தடவை ஒண்ணுமே கிடைக்கல சார். ஒரு தடவை பூட்டு கிடைச்சுது."

"தோல்வியும் பயன்பாடுதான்மா. சொல்லப்போனா தோல்விதான் பெரிய பயன்பாடு. உடனே கிடைச்சுட்டா ஒரு தடவையோட போயிடுவே. கிடைக்காததாலதான் நானூத்திப் பதினொண்ணு. கிடைக்க வச்சு இந்தக் கோட்டை நாம கெடுத்துக்கக் கூடாது."

பிறகு குரலைத் தாழ்த்தினார். குழு வரும்போது அவள் கணினி முன்னால் உட்கார்ந்து தேடிக்காட்ட வேண்டும். காட்டினால், அந்தக் கட்டுரைக்குத் தனி விண்ணப்பம் எழுதித் தானே மேலிடத்துக்கு அனுப்புகிறேன் என்றார். எத்தனை நாளில் வரும் என்று அவள் கேட்டாள். நல்ல மனசு வைத்தால் ஐந்து நாளில் வந்துவிடும் என்றார். நல்ல மனசு யார் வைக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. இருபத்திரண்டும் ஐந்தும் இருபத்தேழு. நத்தை விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுச் சரி என்றாள்.

அதற்குள் கடவுச்சொல் காலாவதியாகிவிட்டது. உதவி நூலகர் அடுத்ததையும் தற்செயலாகவே படித்தார்.

இருபத்திரண்டாம் தேதி காலையில் எட்டுக் கணினிகளின் உறைகளையும் எடுத்துவிட்டார்கள். மையம் நிரம்பி வழிவதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மற்ற ஏழு கணினிகள் முன்னால் கால்பந்து அணியை உட்கார வைத்தார்கள். அந்த ஏழையும் போடவில்லை. எட்டும் ஒன்றாக ஓடினால் ஃபியூஸ் போய்விடும் என்று எலக்ட்ரீஷியன் சொல்லியிருந்தார். ஆகவே ஏழு பேரும் கறுத்த திரையை உற்றுப் பார்த்து மவுஸை நகர்த்த வேண்டும், நடுநடுவே 'ஓஹோ' என்று சொல்ல வேண்டும். கோல்கீப்பர் மட்டும் 'ஓஹோ'வை ஒரு கோலைத் தவறவிட்டவன் மாதிரி சொன்னான்.

குழுவில் மூன்று பேர். யார் யார் என்பது கடைசி வரை ரகசியம். தலைவர் எழுபதைத் தாண்டிய ஓர் அம்மாள். குட்டை முடி, தோளில் துணிப்பை, காலில் ஓட்டக்காரர்கள் போடுகிற காலணி. கூட வந்த இருவரில் ஒருவர் படிவம் நிரப்புபவர், மற்றவர் பிஸ்கட் சாப்பிடுபவர். அவர்களை அழைத்து வந்த கல்லூரி முதல்வர் அதற்குள் மூன்று வரவேற்புரை ஆற்றியிருந்தார்: ஒன்று வாசலில், ஒன்று மாடிப்படியில், ஒன்று லிஃப்டில். லிஃப்ட் வந்து சேர்ந்த பிறகும் உரை முடியாததால் எல்லோரும் மறுபடி கீழே போய் வர வேண்டியதாயிற்று. அரங்கத்தில் நான்காவது உரைக்கு மேடை தயாராக இருந்தது. வழிகாட்டிப் பேராசிரியர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஓரமாக நின்றார்.

தலைவர் அம்மாள் நேராக நத்தையிடம் வந்தார்.

"என்னம்மா தேடறே?"

"ஒரு கட்டுரை மேடம். பதினெட்டு நாளா."

"ஆழ்ந்த ஆய்வு மேடம்," என்றார் நூலகர். "நம்ம தளத்துக்குள்ள நுழைஞ்சா வெளிய வர மனசே வராது."

"ஓஹோ," என்றான் கோல்கீப்பர்.

"எங்க, காட்டு."

நத்தை காட்டினாள். தலைப்பு, பெயர், இரண்டு வரி, பூட்டு. அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு திரைக்குக் கிட்டே குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"இது நான் எழுதினது," என்றார்.

ஏழு மவுஸும் நின்றுவிட்டன.

"இருபத்தாறு வயசுல எழுதினேன். வீடு மாத்தறப்போ பிரதி தொலைஞ்சுபோச்சு. திறங்க சார், நானே பாத்து எத்தனையோ வருஷம் ஆச்சு."

நூலகர் கைகளைப் பிசைந்தார். "மேடம், அது வந்து... உரிமை இல்ல."

"என் கட்டுரைக்கா?"

"எழுதினது நீங்கதான் மேடம், அதுல எங்களுக்குச் சந்தேகமே இல்ல. ஆனா எழுதறது வேற, படிக்கறது வேற. எழுத யார் வேணும்னாலும் எழுதலாம். படிக்கறதுக்கு ஒரு முறை இருக்கு. நீங்க ஒரு விண்ணப்பம் குடுத்து, அறிமுக வகுப்பு மட்டும் முடிச்சுட்டீங்கன்னா..."

"நான் வகுப்புல உக்காரணும்?"

"முப்பது பேர் சேர்ந்ததும், மேடம்."

அம்மாள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்த மௌனத்தைத் தனக்கான வாய்ப்பாக எடுத்துக்கொண்டு வழிகாட்டிப் பேராசிரியர் முன்னால் வந்து கும்பிட்டார்.

"மேடம், உங்கள நேர்ல பாப்பேன்னு நினைக்கவே இல்ல. என்னோட பதினாலு கட்டுரையிலயும் உங்கள மேற்கோள் காட்டியிருக்கேன். பக்கம் இருநூத்திப் பதினொண்ணு! மனப்பாடம்!"

"இருநூத்திப் பதினொண்ணா? என் கட்டுரை இருநூத்தி மூணுல ஆரம்பிச்சு இருநூத்தி ஏழுல முடிஞ்சுதே. அதுக்கப்புறம் மீன் குஞ்சு பத்தி வேற ஒருத்தர் எழுதியிருந்தார்."

"மீன் குஞ்சும்... முக்கியமான துறைதான் மேடம்," என்றார் பேராசிரியர். புதுச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

அம்மாள் ஒரு நாற்காலியை இழுத்து நத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "உனக்கு எதுக்கும்மா இது?"

நத்தைக்கு இதற்குமேல் இழக்க ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் சொன்னாள்: ஆறு பெட்டி, நகப்பூச்சு, எழுபதாம் நாள் எழுந்த மூன்று, நூற்றிருபத்தொன்று, தப்பு அவள் மேல் என்பது, இருபத்தெட்டாம் தேதி.

"எழுந்ததுன்னு எப்படிக் கண்டுபிடிச்சே?"

"தண்ணி தெளிச்சு எழுப்பிப் பாத்தேன் மேடம்."

"எழுப்பிப் பாத்தியா," என்றார் அம்மாள் மெதுவாக. பிறகு துணிப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் கட்டினார். "நான் எழுப்பல."



"ஓட்டு வாயை மூடியிருந்தா தூங்குதுன்னு எழுதினேன். அவ்வளவு நல்லா தூங்கறதப் போய் எதுக்கு எழுப்பணும்னு நினைச்சேன். நூத்திருபத்தொண்ணாம் நாள் எனக்கு விடுமுறை முடிஞ்சுது, அதனால அதோட நிறுத்திக்கிட்டேன். மறு வருஷம் பெட்டிய நகர்த்தறப்பதான் நாத்தம் வந்துச்சு. பாதிக்கு மேல எப்பவோ செத்துப்போயிருந்துச்சும்மா. செத்துப்போனதுங்க ரொம்ப ஒழுங்கா, அசையாம தூங்கியிருக்கு." அவர் தலையை ஆட்டினார். "அரைப் பக்கம் திருத்தம் எழுதி அனுப்பினேன். போட்டாங்க. அதை யாரும் படிச்ச மாதிரி தெரியல."

"பிழைதிருத்தம் எல்லாம் தனித் தளம் மேடம்," என்றார் நூலகர் உற்சாகமாக. "அறுபத்து நாலாவது. அடுத்த வருஷத் திட்டத்துல இருக்கு."

நத்தை நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்போ என் கணக்கு..."

"உன் கணக்கு என்னன்னு எனக்குத் தெரியாது. உன்கிட்ட இப்போ தூங்கற நத்தை இருக்கா?"

"இருக்கு மேடம். சரிபார்க்கறதுக்காக மறுபடி ஒரு பெட்டி வச்சிருக்கேன். இன்னிக்கு முப்பத்தெட்டாம் நாள்."

"வா, போகலாம்," என்று அம்மாள் எழுந்துவிட்டார். "மேடம், மேடை..." என்று முதல்வர் சொல்லி முடிப்பதற்குள் ஓட்டக்காரக் காலணி மாடிப்படியில் இறங்கிவிட்டது. பின்னால் நத்தை, அவள் பின்னால் படிவக்காரர், பிஸ்கட்காரர், முதல்வர், பேராசிரியர், நூலகர். போட்டி ஏதோ நடக்கிறது போலிருக்கிறது என்று கால்பந்து அணியும் ஓடியது.

விலங்கியல் ஆய்வகம் சின்ன அறை. ஜன்னலோரம் கண்ணாடிப் பெட்டி. காய்ந்த மண்ணில் பத்து நத்தைகள், வாயை மெல்லிய காகிதம் மாதிரி ஒன்றால் மூடிக்கொண்டு, கூழாங்கற்களைப் போலக் கிடந்தன. நத்தை பிசிறு பிசிறாகத் தண்ணீர் தெளிக்கும் புட்டியை எடுத்து அம்மாளிடம் நீட்டினாள். அம்மாள் தெளித்தார். இரண்டு பேரும் முழங்காலில் கையூன்றிக் குனிந்து நின்றார்கள்.

ஒன்றும் நடக்கவில்லை. நத்தைகள் விஷயத்தில் அது வழக்கம்தான்.

காத்திருந்த நேரத்தில் அம்மாள் முதல்வர் கையிலிருந்த வரவேற்புரைத் தாள்களில் ஒன்றைக் கேட்டு வாங்கி, பின்பக்கத்தில் எழுதினார்: தன் பழைய கட்டுரையின் எண்ணிக்கை பிழை, செத்ததையும் சேர்த்து எண்ணியது, இந்தப் பெண் எழுப்பிப் பார்த்து எண்ணிய முறையே சரி. கீழே கையெழுத்து, தேதி. பேராசிரியர் அதை இரண்டு முறை வாசித்தார். தன் பதினாலு கட்டுரைகளையும் ஒருமுறை மனதுக்குள் வாசித்தார் போலிருக்கிறது, முகம் அப்படித்தான் இருந்தது. பிறகு ஒரு பேனாவைக் கடன் வாங்கி ஆய்வேட்டில் கையெழுத்திட்டார். "நான்தான் இவள எழுப்பிப் பாக்கச் சொன்னேன் மேடம்," என்றார், யாரும் கேட்காமலே. படிவக்காரர் தன் படிவத்தில் 'நூலகப் பயன்பாடு' என்ற இடத்தில் வரைபடத்தைப் பார்த்து 'மிகச் சிறப்பு' என்று எழுதி, பிஸ்கட்காரரிடம் கையெழுத்து வாங்கினார்.

நத்தை இருபத்தாறாம் தேதியே பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தாள். அக்கா அவளுக்கு நாலு பை வைத்து ஒரு மேலங்கி தைத்துக் கொடுத்தாள், நத்தைகளை எடுத்துப் போட வசதியாக. நூலகருக்குப் பாராட்டுப் பத்திரம் வந்தது. அவர் அதை எங்கோ ஒரு தளத்தில் ஏற்றிவிட்டதாகச் சொல்கிறார்கள்.

குழு வந்த அன்றைக்கு ஆய்வகத்தில், தண்ணீர் தெளித்துக் காத்திருந்தபோது, முதல்வருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அரங்கத்தில் அறுநூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பெருமதிப்புக்குரிய..." என்று ஆரம்பித்தார்.

"உஷ்!" என்றார் தலைவர் அம்மாள் திரும்பாமலே. "ஏழாம் நம்பர் அசையுது. சத்தம் கேட்டா உள்ள போயிடும்."

முதல்வர் வாயை மூடினார். ஏழாம் எண் நத்தை காகிதத்தை விலக்கியது. ஒரு நுரைக்குமிழி வந்தது. வெகு நேரம் கழித்து ஒரு கொம்பு வந்தது, அதன் நுனியில் ஒரு கண். அது நிதானமாக எல்லோரையும் பார்த்தது: குழுவை, பேராசிரியரை, நூலகரை, கால்பந்து அணியை, கையில் மீதி உரையோடு நின்ற முதல்வரை. 

"உயிரோட இருக்குடி," என்றார் அம்மாள் நத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு.

"ஆமா மேடம்."

இரண்டாவது கொம்பு வர ஒன்பது நிமிடம் ஆனது. அந்த ஒன்பது நிமிடமும் கல்லூரி முதல்வர் ஒரு வார்த்தை பேசாமல் நின்றார்.